நிதானமாகச் சாப்பிடப் போய்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர், பல் டாக்டர் அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் தங்கை நலம், போன தடவை வந்தபோது நீங்கள் அடைத்துவிட்டுப் போன என் கடைவாய்ப் பல்லும் பரம நலம். அங்கே நீங்களும் வீட்டில் அக்காவும் பிள்ளைகளும், ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்கள் 'கவனித்து உண்ணும் வகுப்பு'க்கு வருகிற அன்பர்களும் நலமாக, நிதானமாக, நன்றாக மென்றுகொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 'அனுபவத்தைக் கடிதமாக எழுதுங்க, போன்ல சொன்னா அதையும் அவசர அவசரமா விழுங்கிடுவீங்க' என்று நீங்கள் கட்டளையிட்டபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தின் கடைசிப் பகுதியை உங்கள் தங்கையிடம் மூச்சுவிடக் கூடாது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நான் வேகமாகச் சாப்பிடுகிறவன் என்பதை நீங்கள் கண்ணாரக் கண்டீர்கள். அன்று மேசையில் நீங்கள் நாற்காலியை முன்னால் இழுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் நான் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, 'என்ன மச்சான், சாப்பிடலையா?' என்று கேட்டேன். அப்போது நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொத்தைப் பல்லைக்கூட நீங்கள் அப்படிப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் என்ன செய்வேன்? ரிட்டையர் ஆகிற வரைக்கும் தீயணைப்பு வண்டி ஓட்டினவன். எங்கள் நிலையத்தில் பூட்ஸ் காலோடுதான் சாப்பாடு. தட்டை மடியில் வைக்க மாட்டோம், மணி அடித்து எழுந்தால் கொட்டிவிடும். இடது கை எப்போதும் சும்மா இருக்க வேண்டும், வண்டிச் சாவிக்காக. சமையல்காரர் எதையும் சூடாகப் போட மாட்டார்; முள், எலும்பு, கொட்டை ஒன்றும் இருக்காது; எல்லாம் தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போகிற மாதிரி பொடிப் பொடியாக நறுக்கியிருப்பார். அதைவிட முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. மேசையில் யாரும் 'நல்லா இருக்கு' என்று சொல்லக் கூடாது. சொன்னால் மணி அடிக்கும். சிரிக்காதீர்கள் மச்சான், கண்ணால் கண்டது. புதிதாக வேலைக்கு வந்தவன் ஒருத்தன் முட்டையை வாயில் போட்டுக்கொண்டு 'அட, நல்லா இருக்கே' என்றான். மரக்கடை பற்றி எரிகிறது என்று மணி. மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்து சூப்பைப் பாராட்டிவிட்டுப் போனார். அவர் கார் தெருமுனை திரும்பவில்லை, எண்ணெய்க் கிடங்கு. அன்றிலிருந்து சாப்பாட்டைப் பற்றி நல்லதும் பேச மாட்டோம், கெட்டதும் பேச மாட்டோம். அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் தங்கை சமையலைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை, திறந்ததெல்லாம் உள்ளே தள்ளுவதற்குத்தான்.

நிற்க. ஊருக்குக் கிளம்பும்போது நீங்கள் சொல்லிக் கொடுத்த விதிகளை நான் பின்பற்றிய கதைக்கு வருகிறேன். முதல் விதி, தட்டைத் தொடுமுன் உணவை அமைதியாகப் பார்க்க வேண்டும். நீங்கள் ரயிலேறிய மறுநாளே பார்த்தேன். கண்கொட்டாமல் பார்த்தேன். உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து ஓடி வந்து, 'என்ன, முடி கெடக்கா?' என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேறு தட்டு வந்தது. அதையும் பார்த்தேன். 'பூச்சியா?' என்று அதுவும் போயிற்று. மூன்றாவது தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று அவளும் பார்க்க ஆரம்பித்தாள். ரெண்டு பேரும் ஒரு அவித்த முட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் 'இதுல என்னங்க இருக்கு, சொல்லித் தொலைங்க' என்று அவள் அழாத குறையாகக் கேட்டபோது, 'உங்க அண்ணன் பார்க்கச் சொன்னாரு' என்றேன். 'அவனுக்கு வேற வேலை இல்ல' என்றாள். இதை உள்ளபடி எழுதுவதற்கு மன்னிக்கவும்.

இரண்டாவது விதி, ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூனைக் கீழே வைத்து, கண்ணை மூடி, வாயில் இருப்பது கூழாகும்வரை மெல்ல வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்க நான் தேர்ந்தெடுத்த இடம்தான் தப்பாகிவிட்டது. எங்கள் நிலையத்தில் ஏணி ஏறுகிற ஆளுக்குப் பணி ஓய்வு விருந்து. அவரை நாங்கள் 'ஏணி' என்றே கூப்பிடுவோம். விருந்து என்றால் வெளியாட்களுக்குப் பந்தி, எங்களுக்குப் பந்தயம். நான் ஒரு துண்டு ரொட்டியை வாயில் போட்டு, ஸ்பூனைக் கீழே வைத்து, கண்ணை மூடினேன். எவ்வளவு நேரம் மென்றேனோ தெரியாது. கூட்டம் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டது. நான் மட்டும் கண்ணை மூடி, அசையாமல், தாடையை மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரோ ஒருத்தர் 'ஐயோ, பெருசுக்கு என்னமோ ஆயிடுச்சு!' என்று கத்தினார். அவ்வளவுதான். அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் தீயணைப்பு ஆட்கள் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. ஒருத்தர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றில் குத்தினார். நான் அவ்வளவு பாடுபட்டு மென்ற ரொட்டி பறந்து போய் சுவரில் ஒட்டியது. 'ஏணி' தன் விருந்து என்றும் பாராமல் என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். 'விடுடா, நான் மென்னுக்கிட்டு இருக்கேன்' என்று தலைகீழாகத் தொங்கியபடி சொல்கிறேன், 'பேச வேணாண்ணே, மூச்சை மட்டும் விடுங்க' என்கிறார். வாசலில் கிடத்தி, பூட்ஸைக் கழற்றி, ஆக்ஸிஜன் மாட்டிய பிறகுதான் விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்டபின் அவர்கள் சிரித்த சிரிப்பை எழுதினால் தாள் தாங்காது.

இவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். ஒரு உருளைக்கிழங்குதான் காரணம் மச்சான். உங்கள் தங்கை எங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்த அன்று நானே ஒரு கிழங்கை வேகவைத்தேன். எனக்குத் தெரிந்த சமையல் அதுதான். தொந்தரவு செய்ய ஆளில்லை. கிழங்கு தோல் வெடித்து, உள்ளே வெள்ளையாகப் பிளந்து, ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். மச்சான், அதில் மழை பெய்து ஓய்ந்த மண்ணின் வாசனை இருந்தது! ஆயுசு முழுக்கத் தின்ற கிழங்கு, அதற்கு ஒரு வாசனை இருக்கிறது என்று இத்தனை வயசுக்கு மேல் எனக்குத் தெரிகிறது. ஒரு துண்டை வாயில் போட்டேன். முதலில் ஒன்றுமே இல்லை, வெறும் சூடு. மெல்ல மெல்ல மாவாகி, மாவுக்குள்ளிருந்து எங்கிருந்தோ ஒரு இனிப்பு வந்தது பாருங்கள்! அடேயப்பா! நான் சர்க்கரை போடவில்லை, யாரும் போடவில்லை, அது பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று 'ஏணி'க்குப் போன் போட்டு, 'டேய், உருளைக்கிழங்கு இனிக்குதுடா' என்றேன். 'அண்ணி வீட்ல இல்லையா?' என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். தக்காளி, காரட், வெறும் ரொட்டியின் ஓரம், பச்சைத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக ருசித்துப் பார்த்துவிட்டு, பிரமை பிடித்தவன் மாதிரி வீட்டுக்குள் நடந்தேன். இவ்வளவும் இந்த உலகத்தில் இருந்திருக்கிறது, நான் மணிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கித் தள்ளியிருக்கிறேன்.

வெறும் கிழங்குக்கே இப்படி என்றால் உங்கள் தங்கை கைச் சமையல் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. புது மாப்பிள்ளை மாதிரி தலை சீவிக்கொண்டு மேசைக்குப் போனேன். சூப் வந்தது. பார்த்தேன், முகர்ந்தேன், கண்ணை மூடி ஒரு வாய் குடித்தேன். உப்பே இல்லை. மறுநாள் பீன்ஸ் பொரியல் உப்புக் கரித்தது. அதற்கு மறுநாள் முட்டை ஒரு பக்கம் தீய்ந்திருந்தது. என் நாக்குத்தான் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். ஆனால் 'நல்லது கெட்டது தீர்ப்பு சொல்லாதே, உள்ளதைக் கவனி' என்பது உங்களுடைய மூன்றாவது விதியாயிற்றே. வாயை மூடிக்கொண்டு கவனித்தேன். அப்போதுதான் மச்சான், முதல் தடவையாகச் சாப்பிடும்போது தலையை நிமிர்த்தினேன். உங்கள் தங்கை அடுப்படி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் சட்டென்று திரும்பிப் பாத்திரத்தைத் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்திருந்த பாத்திரம். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இன்னொன்றும் அப்போது ஞாபகம் வந்தது. நீங்கள் அன்று அவள் வைத்த சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு வெகுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்கள். நான் அதைத் தியானம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை. இப்போது புரிகிறது, உங்களுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

விஷயம் வெளியான விதத்தைச் சொல்கிறேன். நான் பால்கனியில் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். கருகல் வாசனை. அந்த வாசனையில் மட்டும் என் மூக்கு பெரிய மேதை. உள்ளே ஓடினேன். அடுப்பில் பால் பொங்கி, வற்றி, அடிபிடித்து, பாத்திரம் கறுத்துப் புகைந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஒரு கை தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, உங்கள் தங்கை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு! அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். எத்தனையோ வீடுகளில் சன்னலை உடைத்து உள்ளே போயிருக்கிறேன். கேஸ் கசிவது தெரியாமல் தீக்குச்சி கிழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டு அடுப்படியில் அப்படி ஒருத்தி நிற்பது எனக்குத் தெரியவில்லை.

'உனக்கு வாசனை தெரியலையா?' என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

'காய்ச்சல் வந்து படுத்தேனே, அப்பப் போனதுதாங்க. மூக்கு போச்சு, கூடவே ருசியும் போச்சு. எதை வாயில போட்டாலும் நனைஞ்ச காகிதத்தை மெல்ற மாதிரி இருக்கு. தானா வந்துடும்னு டாக்டர் சொன்னாரு. வரலை.'

'என்கிட்ட ஏன் சொல்லலை?'

'சொல்லணும்னுதான் மேசைல வந்து உக்காந்தேன். அதுக்குள்ள நீங்க சாப்பிட்டு எழுந்து போயிட்டீங்க.' பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, 'பொண்ணு மூஞ்சியைச் சுளிச்சா. டயட்டுன்னு சொல்லி வர்றதையே நிறுத்திட்டா. நீங்க மட்டும் ஒரு வார்த்தை சொல்லலை. உங்களுக்கு எல்லாம் தெரியும், என் மனசு நோகக் கூடாதுன்னுதான் வாயைத் திறக்காம சாப்பிடறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். இப்படி ஒரு பெரிய மனசு யாருக்குங்க வரும்?' என்றாள்.

மச்சான், நான் 'ஆமாம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமினேன். அதை அவள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து நான் அடுப்படியைவிட்டு நகர்வதில்லை. கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். அங்கே நின்று அவள் சமைக்கிறதைப் பார்க்கிறேன் பாருங்கள், எனக்கு வாயடைத்துப் போகிறது. வாசனை இல்லை, ருசி இல்லை, ஆனாலும் இத்தனை நாள் மூன்று வேளையும் சமைத்திருக்கிறாள்! வெங்காயம் வதங்கிவிட்டதா என்று காதால் கேட்கிறாள். 'ஈரம் இருக்கறவரை படபடங்கும், அப்புறம் முணுமுணுன்னு அடங்கிடும்' என்கிறாள். நானும் காதை வைத்துக் கேட்டேன், சத்தியமாக அடங்குகிறது! சூப் பதமாகிவிட்டதைக் கரண்டி இழுக்கிற கனத்தில் தெரிந்துகொள்கிறாள். காரட் வெந்ததை அதன் நிறத்தில் பார்க்கிறாள். உப்புக்கு ஒரு அடையாளம் வைத்திருக்கிறாள். உப்பு போட்டதும் அந்த ஸ்பூனைப் பாத்திரத்து மூடிமேல் கவிழ்த்து வைப்பாள். ஸ்பூன் மூடிமேல் இருந்தால் உப்பு போட்டாயிற்று, இல்லையென்றால் இல்லை. இதைக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் எந்தச் சாமானும் இடம் மாறிக் கிடந்தால் எனக்குப் பொறுக்காது, அது நிலையத்துப் பழக்கம். மூடிமேல் ஸ்பூனைக் கண்டால் எடுத்துக் கழுவி மாட்டிவிடுவேன். அவள் வந்து இன்னொரு தரம் உப்பு போடுவாள். சில நாள் கழுவின ஸ்பூனைக் காயட்டும் என்று அந்த மூடிமேலேயே கவிழ்த்து வைப்பேன். அன்றைக்கு உப்பே கிடையாது. ஆக, அவள் கெட்டிக்காரத்தனத்தில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஆசாமி நான்தான்.

இப்போது அவளுக்கு நாக்கு நான். கரண்டியில் எடுத்து நீட்டுவாள். ஊதி, கண்ணை மூடி, உங்கள் விதிப்படி ருசித்து, வயர்லெஸ்ஸில் சொல்கிற மாதிரி, 'உப்பு கால் ஸ்பூன் குறைவு, புளிப்பு சரி, மிளகு கட்டுப்பாட்டில் உள்ளது' என்று தகவல் கொடுப்பேன். நேற்று அவள் கரண்டியை விடாமல் பிடித்துக்கொண்டு, 'ரிப்போர்ட் கெடக்கட்டும். நல்லா இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க' என்றாள். எனக்கு நிலையத்துச் சட்டம் ஞாபகம் வந்தது. எரிகிற மாடியில் நிற்கும்போதுகூட எனக்கு அப்படி உதறியதில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். சரி, ஊரே எரிந்தாலும் எரியட்டும் என்று, 'நல்லா இருக்கு' என்றேன். உடனே மணி அடித்தது. எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. படிகளைத் தாவி, தெருவுக்கு வந்து, சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் துழாவிக்கொண்டு நிற்கிறேன். மேலே எங்கள் வீட்டு வாசலில் கூரியர்காரர் பார்சலை வைத்துக்கொண்டு, 'சார், கையெழுத்து!' என்று கத்துகிறார். உங்கள் தங்கை பால்கனியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தாள்.

இப்போது நான் மாட்டிக்கொண்டிருக்கிற இடத்துக்கு வருகிறேன். எல்லாம் தெரிந்தே நான் பொறுத்துக்கொண்டேன் என்று அவள் நம்புகிறாள். மகளிடம் சொல்லிவிட்டாள். மகள் போன் பண்ணி, 'அப்பா, நீங்க தெய்வம்பா' என்று அழுகிறாள். நான் பொறுத்துக்கொள்ளவில்லை மச்சான், எனக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண்டாட்டிக்கு உலகத்து ருசியெல்லாம் அற்றுப் போயிருக்கிறது, நான் தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு வாயும் எனக்குக் குத்துகிறது. உணவில் உள்ளதை உள்ளபடி கவனிக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள், கவனித்த பிறகு என்ன செய்வது என்று உங்கள் வகுப்பில் ஏதாவது உண்டா? இருந்தால் உடனே எழுதுங்கள். என் யோசனை, இந்த ரகசியம் நம் இருவரோடு போகட்டும்; நான் காலம் முழுக்க மூன்று வேளையும் அவள் சமைத்ததை ஒரு வாய் விடாமல் கவனித்து, நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டு, கணக்கைச் சரி செய்துகொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், பசியும் ருசியும் குறையாமல் நீண்ட நாள் வாழட்டும். உங்கள் பல் ஆஸ்பத்திரி நாற்காலி ஒரு நாளும் காலியாக இராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியவில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
நன்றாக மென்று விழுங்கும்,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். உறையில் தபால்தலை ஒட்டித் தரச் சொல்லி உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். உறையை மூடவில்லை என்பது எனக்கு ஞாபகம் இல்லை. அடுப்படியில் நின்றபடி ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டாள். நான் சுவரோடு சுவராக நின்றேன். 'உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாதுங்கறது எனக்கு முதல் வாரமே தெரியும்' என்றாள். 'வேணும்னே ஒரு நாள் சூப்புல உப்புக்குப் பதிலா சர்க்கரையைப் போட்டேன். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடிச்சீங்க.' பின்னே ஏன் பெரிய மனசு என்று சொன்னாய் என்று கேட்டேன். 'பால் கருகின அன்னைக்கு உங்க மூஞ்சி போன போக்கு உங்களுக்குத் தெரியாது. எனக்கு மூக்கு போனதைவிட, நீங்க கவனிக்கலைங்கறதுல நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு. அதான் ஒரு பொய்யைப் போட்டு வெச்சேன்.'

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'பொண்ணு ஒரு வாயோட நிறுத்திட்டா, அண்ணன் ஒரு வாயோட நிறுத்திட்டான். எனக்கே இறங்கலை. இந்த வீட்ல உங்க தட்டு ஒண்ணுதாங்க தினமும் காலியா வந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் மறுநாள் அடுப்பைப் பத்த வெச்சேன். இப்ப ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூனைக் கீழ வெக்கிறீங்க. அந்தச் சத்தம் கேக்கறப்பல்லாம் நீங்களும் நிறுத்திட்டீங்களோன்னு எட்டிப் பார்க்கறேன். அடுப்பு பக்கத்துல நின்னு உப்பு பாருங்க, வேணாங்கலை. மேசைல மட்டும் பழைய மாதிரி சாப்பிடுங்க.'

ஆகவே மச்சான், உங்கள் வகுப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். சற்றுமுன் பழைய மாதிரியே சாப்பிட்டேன். தட்டில் என்ன இருந்தது என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது, நான் உங்கள் தங்கை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலித் தட்டை நீட்டினேன். இன்னும் கொஞ்சம் போட்டாள்.